பழைய ஒலி அமைப்பு நீக்கப்பட்டது

கம்ப்யூட்டர் திரையின் மூலையில் இருந்த குட்டி ஸ்பீக்கர் படத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு விழுந்திருந்தது. அதைத் தொட்டால் ‘ஒலிச் சாதனம் எதுவும் இல்லை’ என்று வந்தது. சரி, இல்லை என்றால் இல்லை. அப்படியானால் கூரை மேல் இருக்கும் கூம்பு ஸ்பீக்கரில் மூச்சு விடுவது யார்?

அம்பிகா நாற்காலியை விட்டு எழவில்லை. காதை மட்டும் கூரைப் பக்கம் கொடுத்தாள். மத்தியானச் சோறு உண்ட கையில் குழம்பு வாசனை இன்னும் போகவில்லை, அதற்குள் வானம் விளக்கேற்றும் நேரம்போல் கறுத்துவிட்டிருந்தது. கார்த்திகை மாதத்து மேகம் ஏரியின் மேல் இறங்கி உட்கார்ந்திருக்க, ஈர வலையின் வாடையும் டீசல் வாடையும் ஜன்னலுக்குக் கீழே ராஜம்மா கொட்டி வைத்திருந்த நண்டுகளின் உப்பு வாடையும் ஒன்றாகக் கலந்து அந்தச் சின்ன அறைக்குள் நகராமல் நின்றன. அத்தனைக்கும் மேலே அந்த மூச்சு. உள்ளே இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, வெளியே விட்டது. மைக் முன்னால் வந்து நிற்கும் ஆள், பேசுவதற்கு முன் விடுவானே, அந்த மூச்சு.

காற்றாகத்தான் இருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெளியே ஒரு தென்னை ஓலைகூட அசையவில்லை.

காலையில் அவள் செய்தது ஒன்றும் கொலைக் குற்றம் இல்லை. மீனவர் சங்கத்துத் தகவல் அறையில் அவள் உட்கார ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது ஒரே பழைய லினக்ஸ். அதில் இன்றைக்குப் புயல் எச்சரிக்கைப் பக்கம் திறக்கவே மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. கடலில் புயல் சின்னம் உருவாகியிருக்கிறது, பாதி ஊர் படகேறி ஏரியில் இருக்கிறது, இவள் புருஷன் இளவழகனும் விடியலிலேயே சகாதேவனோடு ஒரே படகில் போயிருக்கிறான். என்ன செய்வாள்? புதுப் பதிப்பை ஏற்றினாள். பாதி ஓடியபோது நடுத் திரையில் ஒரு பெட்டி வந்தது. ‘பழைய ஒலி அமைப்புக்கான ஆதரவு இந்தப் பதிப்பில் நீக்கப்படுகிறது. அதை நம்பியுள்ள நிரல்கள் இயங்காது. தொடரவா?’ இந்தப் பெட்டி வந்தால் ‘இல்லை’ என்று மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்த ரஞ்சித்குமார் ஆயிரம் தடவை சொல்லியிருந்தான். அவள் ‘ஆம்’ கொடுத்தாள்.

அந்தப் பழைய ஒலி அமைப்பை நம்பியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பாடு கூப்பிடும் நிரல்.

பழவேற்காட்டிலிருந்து படகில்தான் வரவேண்டிய தீவு ஊர் அது. ஏரியில் இறால் விழும் இடங்களை ஊரே பங்கு போட்டு, நாளைக்கு இந்த இடம் இன்னாருக்கு என்று முறை வைத்திருக்கிறது. அந்த முறைக்குப் பெயர் பாடு. தினமும் பொழுது சாயும்போது ஸ்பீக்கரில் இடத்தின் பெயரும் ஆளின் பெயரும் வரும். பேருக்கு உரியவன் எங்கே இருந்தாலும் சட்டென்று ‘இருக்கேன்!’ என்று குரல் கொடுக்க வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லை என்றால், அந்த வீட்டின் இன்னோர் ஆள் பெயரைக் கூப்பிடும், அவன் பதிலாகக் குரல் கொடுக்கலாம். அதுவும் இல்லையா, முறை அடுத்தவனுக்குத் தாண்டிவிடும். அதனால் இந்த ஊர் ஆம்பளைகளுக்குப் பெயரைக் கேட்டால் போதும், வாய் தானாகத் திறந்துகொள்ளும். சாயங்காலக் கல்யாணத்தில், மேடையில் தாலியைக் கையில் வாங்கிய நேரத்தில் ஸ்பீக்கர் கூப்பிட, ‘இருக்கேன்!’ என்று ஐயர் காதிலேயே கத்தியவன்தான் இளவழகன். அதைச் சொல்லி அம்பிகா இன்றைக்கும் அவன் மானத்தை வாங்குவாள்.

அன்றைக்கு மைக்கில் கூப்பிட்டது நீலமேகம். ஊரில் பாடு கூப்பிடும் பொறுப்பு அவருடையது. கம்ப்யூட்டர் வந்தபோது ஒரு நாள் முழுக்க இதே மைக் முன்னால் நின்று ஏரியின் ஒவ்வோர் இடத்தையும், ஊரின் ஒவ்வோர் ஆம்பளைப் பெயரையும் தனித்தனியாகச் சொல்லிப் பதிய வைத்தார். நிரல் அதை ஒட்டிப் போட்டுக் கூப்பிடும். குரலும் முறைப் பட்டியலும் அவருடையவை, கூப்பிடும் வேலை மட்டும் கம்ப்யூட்டருடையது.

பிறகு அவரைக் கொன்றுவிட்டார்கள். இறால் கொழுத்த ஒரு மாதத்தில் ஏரியில் நண்டுத்திட்டு என்ற இடத்தின் பாடு முறையைத் தங்களுக்கு மாற்றிக் கூப்பிடச் சொல்லி மூன்று பேர் கேட்டார்கள். மாட்டேன் என்றார் மனுஷன். அதே நண்டுத்திட்டுக்கு அவரைப் படகில் கூட்டிப்போய், படகு தள்ளும் கழியால், கூப்பிட மறுத்த வாயிலேயே அடித்தார்கள். தாடை தனியாகத் தொங்கும்வரை அடித்தார்கள். முகத்துவாரத்துக் கல்லில் வழுக்கி விழுந்தார் என்று ஊரில் சொன்னார்கள். அந்த மூன்று பேர் பால்ராஜ், சகாதேவன், இளவழகன். நீலமேகம் மாமா தனியாகப் படகில் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகப் போலீசிடம் சொன்னது அம்பிகா. புருஷன் சட்டையைத் துவைத்ததும் அவள்தான், அது என்ன ரத்தம் என்று தெரிந்தேதான் துவைத்தாள். அதற்குப் பிறகும் தினமும் சாயங்காலம் செத்தவர் குரல்தான் பாடு கூப்பிட்டது. கொன்றவர்கள் பெயரையும் கூப்பிட்டது. அவர்களும் ‘இருக்கேன்’ என்றார்கள். நண்டுத்திட்டை மட்டும் யாரும் கூப்பிடுவதும் இல்லை, அங்கே வலை போடுவதும் இல்லை.

மூச்சு நிற்கவில்லை. அம்பிகா ரஞ்சித்குமாருக்குப் போன் போட்டாள்.

“இன்னாக்கா?”

“தம்பி, அப்டேட் போட்டேன். சவுண்டு போயிடுச்சுப்பா.”

“ஐயோ அக்கா, ஆம்னு குடுத்துட்டியா? நான் எவ்ளோ தலையா அடிச்சிக்கினேன்!”

“புயலு கீதுன்னு பயந்துபோய்க் குடுத்துட்டேன். திரும்பப் போட்டுக் குடேன்.”

“எங்கேந்துக்கா போடறது? அந்தப் பழசை அவுங்களே தூக்கிட்டாங்க. இனிமே அதுக்கு சப்போர்ட்டே கிடையாது.” அவன் பெருமூச்சு விட்டான். “அது பழங்காலத்து ஆளுக்கா. ஒரு நேரத்துல ஒருத்தனுக்குத்தான் வாய் குடுக்கும். நம்ம பாடு புரோகிராமு நாள் பூரா அதைப் புடிச்சிக்கினு உக்காந்துக்கும், வேற எதுவும் வாயைத் தொறக்க முடியாது. புதுசு அப்படி இல்ல, யாரு வேணா பேசலாம். சரி, நாளைக்கு வரேன், வந்து வேற வழி பாக்கலாம். ஆமா, இன்னாக்கா நீ, சவுண்டு இல்லன்ற, பின்னாடி ஸ்பீக்கர்ல ஆளு பேசறது எனக்கே கேக்குதே?”

“யாரும் பேசலியே தம்பி.”

“கேக்குதுக்கா. பேரு கூப்புடறாரு. பால்ராஜுன்னு.”

மறு நொடி கூரை மேலிருந்து அது வந்தது. நிரல் ஒட்டிப்போடும் குரலில் இடத்துக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். இதில் வெட்டே இல்லை.

“நண்டுத்திட்டு, பால்ராஜ்.”

“இருக்கேன்!” என்றது ஜன்னலுக்குக் கீழே ஒரு குரல். பொண்டாட்டி ராஜம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த பால்ராஜ், கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். “இன்னா அம்பிகா, நேரங்கெட்ட நேரத்துல பாடு? அதுவும் எந்த எடத்துக்கு?” சொல்லச் சொல்லவே அவன் சிரிப்பு நின்றது.

ஸ்பீக்கரில் ஒரு சத்தம் கேட்டது. ஈரக் கட்டை சதையில் விழுந்து எலும்பில் நிற்கும் சத்தம். ஜன்னலுக்குக் கீழே அப்போது ஒன்றுமே நடந்திருக்கவில்லை. ராஜம்மாவின் இரண்டு கையும் நண்டுக் கூடைக்குள்தான் இருந்தன.

பிறகு ராஜம்மா எழுந்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். சுவரில் சாத்தியிருந்த படகுக் கழியை எடுத்து, அளவு பார்ப்பவள்போல் ஒரு அடி பின்னால் போய், புருஷன் வாயில் ஓங்கி அடித்தாள். பால்ராஜ் ‘ஏய்’ என்று சொல்ல வந்தது பாதியில் நொறுங்கியது. பல் வலைமேல் சிதறியது. அவன் கையூன்றி எழப் பார்த்தான். அவள் மறுபடி அடித்தாள். அதே இடத்தில். நெல் குத்துவதுபோல் அவசரமே இல்லாமல் அடித்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. தாடை ஒரு பக்கமாகத் திரும்பித் தொங்கிய பிறகு கழியை எடுத்த இடத்திலேயே சாத்திவிட்டு, பழையபடி உட்கார்ந்து கூடைக்குள் கையை விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் திரும்பிப் பார்த்தாள். அப்போது போட்ட கூச்சலில் கரையில் இருந்த நாய்களெல்லாம் ஓடின.

“எந்தப் பாவிடா அடிச்சான்! யாருடா அடிச்சது!” என்று ராஜம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அம்பிகா ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். கூரைக்குப் போகும் ஒயரைச் சுவரோடு பிய்த்து இழுத்தாள், ஆணி உள்ளங்கையைக் கிழித்தது தெரியவில்லை. கம்ப்யூட்டர் திரை கறுத்தது. அறையே கறுத்தது. மேலே மூச்சு மட்டும் உள்ளே போய், நின்று, வெளியே வந்தது.

அடுத்தது யார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவள் படகுத்துறைக்கு ஓடினாள். மழை பிடித்துக்கொண்டது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்து விளக்குகள் ஒவ்வொன்றாக மழையில் காணாமல் போயின. ஏரி எங்கே, வானம் எங்கே என்று தெரியவில்லை. எங்கேயோ அந்தச் சாம்பல் நிற மழைக்குள் ஒரு படகில் இரண்டு பேர் வந்துகொண்டிருக்கிறார்கள். “சகாதேவண்ணே! வாயைத் தொறக்காத! யோவ், யாரும் பதில் சொல்லாதீங்கய்யா!” தொண்டை கிழியக் கத்தினாள். காற்று அதை அவள் முகத்திலேயே திருப்பி அடித்தது.

“நண்டுத்திட்டு, சகாதேவன்.”

“இருக்கேன்!”

அந்தப் பதில் ஏரியிலிருந்து வரவில்லை. ஸ்பீக்கரிலிருந்தே வந்தது. பக்கத்தில் நின்று பேசுவதுபோல் தெளிவாக, அவனுடைய கரகரத்த தொண்டையோடு வந்தது. அதற்குப் பிறகு கட்டையின் சத்தம். பிறகு மறுபடியும். மறுபடியும். அம்பிகா துறையின் ஈரப் பலகையில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பொத்தியும் கேட்டது. பதில் சொன்னவனுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் கைதான் கழியை எடுக்கும். அந்தப் படகில் சகாதேவனுக்குப் பக்கத்தில் இருப்பது ஒரே ஆள்தான்.

படகு வந்தது. இளவழகன் நின்றபடி தள்ளிக்கொண்டு வந்தான். மழை அவன் சட்டையைக் கழுவப் பார்த்தது. கழுவ முடியவில்லை. அவன் காலடியில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது.

“அம்பி, நான் இல்லமே.” அவன் பற்கள் கிடுகிடுத்தன. “சத்தியமா நான் இன்னா பண்ணேன்னே தெரியல. அவன் பேசிக்கினு வந்தான், கண்ணை மூடித் தொறந்தேன், அவன் வாயில... அன்னிக்கு அந்தாளு வாய் இருந்தாப்பல...”

“பேசாத. இன்னிமே ஒரு வார்த்தை பேசாத.” அவள் அவன் கையிலிருந்த கழியைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தாள். “அடுத்தது உன் பேரு. பதில் சொல்லிட்டேன்னு வெச்சிக்கோ, உன்னை அடிக்கப்போறது நான்தான்யா. புரியுதா? இந்தக் கைதான்.”

அவன் அவள் கையைப் பார்த்தான். புரிந்தது. குழந்தைபோல் அழ ஆரம்பித்தான்.

பால்ராஜைத் தூக்கிப்போயிருந்த ராஜம்மாவின் வீட்டுப் பக்கம் ஊர் கூடிக் கத்திக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஆள் கையில் கழி இருந்தது, யார் அடித்தது என்று தேடினார்கள். அந்தக் கூட்டத்துக்குள் இவனைக் கொண்டுபோக முடியாது. சுற்றிலும் தண்ணீர், ஓடவும் இடமில்லை. அம்பிகா அவனைத் தகவல் அறைக்குள் இழுத்துப்போட்டுக் கதவைத் தாழ் போட்டாள். கழியாகவோ கட்டையாகவோ ஏதாவது இருக்கிறதா என்று இருட்டில் தடவிப் பார்த்தாள். ஒரு துடைப்பம் இருந்தது, ஜன்னல் வழியே வெளியே வீசினாள். அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உருட்டி அவன் வாயிலேயே திணித்தாள். புடவைத் தலைப்பைக் கிழித்து அதன்மேல் சுற்றிக் கட்டினாள். கட்டியதற்கு மேல் தன் இரண்டு கையையும் வைத்து அழுத்தி, அவனைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தாள்.

மூன்று முறை. மூன்று முறை அடக்கிவிட்டால் போதும். பிறகு வீட்டு ஆளைக் கூப்பிடும். அவர்கள் வீட்டில் வேறு ஆள் யார்? அவனுக்கு அண்ணன் தம்பி இல்லை. அப்பன் இல்லை. இவர்களுக்குப் பிள்ளை இல்லை. இத்தனை வருஷம் எத்தனை பேர் அதைச் சொல்லிக் காட்டியிருப்பார்கள், இன்றைக்குத்தான் அவள் அதற்காகச் சாமி கும்பிட்டாள். வீட்டில் ஆள் இல்லை. முறை தாண்டிவிடும். பொழைச்சிடுவான்.

மூச்சு உள்ளே போனது.

“நண்டுத்திட்டு, இளவழகன்.”

அவன் உடம்பு தூக்கிப் போட்டது. தொண்டை மேலேறி இறங்கியது. வாய் திறக்கத் துடித்தது, அவனுக்கே தெரியாமல், கல்யாண மேடையில் திறந்த மாதிரி. அவள் முழு பாரத்தையும் போட்டு அழுத்தினாள். துண்டுக்குள் ‘ம்’ என்று ஒன்று எழும்பி அமுங்கியது.

“நண்டுத்திட்டு, இளவழகன்.”

துணி நழுவியது. அவன் பல் அவள் விரலில் இறங்கியது. கடித்தான். எலும்புவரை கடித்தான். அவள் எடுக்கவில்லை. கடிய்யா. கடி. நல்லா கடி. கடிக்கிற வாய் பேசாது. ரத்தம் அவன் தாடையில் வழிந்தது. அவளுடைய ரத்தம்.

“நண்டுத்திட்டு, இளவழகன்.”

அவள் தன் நெற்றியை அவன் நெற்றியில் முட்டுக்கொடுத்தாள். அவன் கண் அவள் கண்ணிலேயே நின்றது. கண்ணாலேயே அவளைப் பிடித்துக்கொண்டிருந்தான். தொண்டை நடுங்கியது. நடுங்கியது.

அடங்கியது.

பதில் இல்லை.

ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை. மழை மட்டும். ஊர்க் கூச்சல்கூடத் தூரமாகிவிட்டது. அவள் சிரித்தாள். அழுகை கலந்த சிரிப்பு. “தாண்டிடுச்சுய்யா,” என்றாள் கிசுகிசுப்பாக. “தாண்டிடுச்சு.” கையை மட்டும் எடுக்கவில்லை. இரண்டு கையும் அவன் வாய்மேல்தான் இருந்தன.

மூச்சு உள்ளே போனது.

அந்த ஊரில் பாடு வைத்த நாளிலிருந்து எந்தப் பொம்பளை பெயரும் அந்த ஸ்பீக்கரில் வந்ததில்லை. பதிய வைத்த பெயர்களில் ஒரு பொம்பளை பெயர் கிடையாது. வீட்டு ஆள் என்றால் ஆம்பளை. அவளுக்கும் அப்படித்தான் பழக்கம். தன்னையே கணக்கில் வைக்கவில்லை அவள்.

“அம்பிகா.”

மேலிருந்து இல்லை. பக்கத்தில். மாமன் முறைக்காரர் வாசலில் நின்று கூப்பிடுவதுபோல், தாழ்வாக, பிரியமாக.

யார் கூப்பிட்டாலும் நாம் என்ன செய்வோம்?

அவள் வாயைப் பொத்த அவளுக்கு மூன்றாவது கை இல்லை.

“இருக்கேன்,” என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் கேட்டது. தன் குரல்தான். இளவழகனின் கண் விரிந்தது. வாய்க்குள் துணியோடு அவன் ‘ம்ம், ம்ம்’ என்று தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். பிறகு ஆட்டுவது நின்றது. முகத்திலிருந்து பயம் போனது. அழுகை போனது. ஒன்றுமே இல்லை. ராஜம்மா முகம்.

அவன் அவள் கைகளைத் தன் வாயிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டான். நிதானமாகத் திரும்பினான். கழி இல்லை. துடைப்பம் இல்லை. எல்லாவற்றையும்தான் எறிந்துவிட்டாளே.

மேஜை ஓரத்தில் நீலமேகத்தின் இரும்பு மைக் ஸ்டாண்டு நின்றது. தினமும் துடைத்து வைப்பாள். இருட்டில் தேடியபோது அது அவள் கண்ணில் படவே இல்லை.

அவன் அதை எடுத்தான். அளவு பார்ப்பவன்போல் ஒரு அடி பின்னால் போனான்.

“யோவ். நான்யா. அம்பியா.”

கூரைமேல் ஸ்பீக்கரில் அடி விழும் சத்தம் கேட்டது. ஈரமான சத்தம். எலும்பில் நின்றது. அவன் கையிலிருந்த ஸ்டாண்டு இன்னும் மேலேதான் இருந்தது.